போகிற கப்பலைச் சொல்லிவிட்டு அனுப்புங்கள்

கடற்படைக் கப்பல்களுக்கு எப்போது ஓய்வு, அப்புறம் அவை எங்கே போகும் என்று கோப்பில் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கு,

2024 டிசம்பர் 17-ம் தேதி விசாகப்பட்டினத்தில் இந்திய, இலங்கைக் கடற்படைகளின் ஸ்லைனெக்ஸ் கூட்டுப் பயிற்சி தொடங்கியது. இரண்டு நாள் துறைமுகத்தில், இரண்டு நாள் கடலில். நம் தரப்பில் ஐ.என்.எஸ். சுமித்ரா. இலங்கையிலிருந்து வந்த கப்பலின் பெயர் சயுர. என் கண்ணில் பட்ட செய்திகளில் நட்புறவு இருந்தது, ஒத்துழைப்பு இருந்தது, இரு நாட்டு அதிகாரிகள் கைகுலுக்கும் படமும் இருந்தது. ஒரு விஷயம் மட்டும் எதிலும் இல்லை. அந்த சயுர, அதே விசாகப்பட்டினத்தில் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டில் கட்டிய கப்பல். 1991-ல் ஐ.என்.எஸ். சரயு என்ற பெயரோடு நம் கடற்படையில் சேர்ந்து, 2000 டிசம்பரில் இலங்கைக்குக் கைமாறியது. பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணை யாரோ தெரியாதவளைப் போலத் திண்ணையிலேயே உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

அந்தக் கப்பலின் இன்ஜின் ரூமில் 1995 முதல் 1998 வரை வேலை பார்த்தவன் நான். சில்காவில் பயிற்சி, லோனாவாலாவில் இன்ஜின் படிப்பு, பதினைந்து வருட சர்வீஸ், 2001-ல் ஓய்வு. இப்போது தூத்துக்குடி திரேஸ்புரத்தில் விசைப்படகு இன்ஜின் பழுது பார்க்கிறேன். சயுர விசாகப்பட்டினம் வந்திருப்பது 18-ம் தேதி சாயங்காலம்தான் தெரிந்தது, பழைய சகா ஒருவன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். புகைபோக்கியைப் பார்த்ததும் கண்டுகொண்டேன். யாரிடம் கேட்டால் உள்ளே விடுவார்கள் என்று இரண்டு அலுவலகங்களுக்குப் போன் போட்டேன். ஒன்றில் எடுக்கவில்லை. இன்னொன்றில் எடுத்தவர், "அது வெளிநாட்டுக் கப்பலாச்சே, அதில் உங்களுக்கு என்ன வேலை?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

எனக்கு அதில் என்ன வேலை என்றால், சொல்கிறேன்.

சரயு, சுகன்யா வகை ரோந்துக் கப்பல். மொத்தம் ஏழு. முதல் மூன்றும் தென் கொரியாவில் கட்டியவை. அந்த வரைபடத்தை வைத்து அடுத்த நான்கையும் விசாகப்பட்டினத்தில் கட்டினார்கள். நீளம் 101 மீட்டர், முழுச் சுமையோடு எடை 1,900 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. முன்னால் ஒரு 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கி, பின்னால் சேத்தக் ஹெலிகாப்டர் இறங்கத் தளம். போர்க்கப்பல் என்று சொன்னால் டெஸ்ட்ராயர்காரன் சிரிப்பான். ஏவுகணை கிடையாது, பெரிய ஆயுதம் எதுவும் கிடையாது. ஆனால் நாள்கணக்கில் கடலில் நிற்கும். ரோந்துக் கப்பலின் வேலையே அதுதானே, நிற்பது. எங்கே நின்றோம், யாரைப் பார்த்தோம் என்பதையெல்லாம் நான் இங்கே சொல்லப்போவதில்லை. அது சொல்லக்கூடாதது என்று எனக்கும் தெரியும்.

கீழே இரண்டு பீல்ஸ்டிக் டீசல் இன்ஜின். ஒவ்வொன்றும் பதினாறு சிலிண்டர். இரண்டும் முழு வேகத்தில் ஓடினால் 21 நாட், அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 39 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும், பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. எல்லாமே கைச்சாடைதான். மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு சிலிண்டரின் சூட்டையும் பார்த்து லாக் ஷீட்டில் எழுத வேண்டும். இவ்வளவையும் விடாமல் ஓட்டியவை அந்தப் பெரிய இன்ஜின்கள். எங்கள் உயிரை வாங்கியது ஒரு சின்ன மெஷின், லூப் ஆயில் ப்யூரிஃபையர். இன்ஜின் ஆயிலைச் சுழற்றி, அதிலிருக்கிற தண்ணீரையும் கசடையும் பிரித்து வெளியே தள்ளுவது அதன் வேலை. எங்களுடையது தண்ணீரை வைத்துக்கொண்டு ஆயிலைத் தள்ளும். உடனே நிறுத்தி, கிண்ணத்தைக் கழற்றி, உள்ளே இருக்கிற தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து டீசலில் கழுவி, அடுக்கு மாறாமல் திரும்பப் போட வேண்டும். ஒரு தட்டு இடம் மாறினாலும் மெஷின் ஆடும், மறுபடி முதலிலிருந்து. கப்பல் உருளும்போது இதைச் செய்து பாருங்கள்.

எங்கள் வாட்ச்சில், அதாவது ஷிப்டில், மூன்று பேர் தமிழ்நாடு. நான், வேலூர்க்காரன் ஒருவன், நாகர்கோவில் பக்கம் ஒருவன். அந்த மெஷின் மக்கர் செய்த ஒவ்வொரு தடவையும் அதன் பின்பக்கத்துத் தகட்டில் ஸ்க்ரூடிரைவரால் ஒரு கோடு கீறுவோம். பதினேழு கோடு வரைக்கும் நான் எண்ணினேன். கோடுகளுக்கு மேலே வேலூர்க்காரன் பெரிய எழுத்தில் தமிழில் கீறினான்: சனியன். ஒருநாள் எங்கள் சீஃப் அதைப் பார்த்துவிட்டார். பஞ்சாபி மனுஷர். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். "சனி பகவான் பேர், சார்" என்றோம். அவர் அந்தத் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்தத் தகட்டை யாரும் மாற்றவில்லை என்றால், இலங்கைக் கடற்படையின் முதன்மைக் கப்பலாகப் பல வருடம் இருந்த சயுரவில், இன்ஜின் ரூமின் ஒரு மூலையில், பெயிண்டுக்கு அடியில் இன்னும் அந்தத் தமிழ் வார்த்தை இருக்கும்.

2000-ல் நான் கரையில் போஸ்டிங்கில் இருந்தேன். அந்த வருடம் ஏப்ரலில் இலங்கை ராணுவத்தின் ஆனையிறவு முகாம் புலிகளிடம் விழுந்தது. இலங்கைக்கு இந்தியா என்ன உதவி செய்யும், செய்யாது என்று பத்திரிகைகளில் தினமும் ஏதாவது வரும். டிசம்பரில் சரயு போனது. எங்களுக்கு ஒரு கடிதம் வரவில்லை, ஒரு சர்க்குலர் வரவில்லை. கேன்டீனில் யாரோ யாரிடமோ சொன்னதில் ஒரு துண்டு என் காதில் விழுந்தது, அவ்வளவுதான். ஓய்வு பெறும் கப்பலுக்குச் சாயங்காலம் சூரியன் மறையும்போது கொடியைக் கடைசியாக இறக்குவார்கள். பழைய ஆட்களைக் கூப்பிட்டு நிற்கவைப்பார்கள். எத்தனையோ கப்பல்களுக்கு நடந்ததைப் பார்த்திருக்கிறேன். என் கப்பலின் கொடி எங்கே இறங்கியது, அப்போது யார் நின்றார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சரயு என்பது அயோத்தி நதியின் பெயர். சயுர என்றால் சிங்களத்தில் கடல். நதி கடலில் கலந்தது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். கொஞ்ச நாள் தேற்றியும் கொண்டேன்.

2007 செப்டம்பரிலும் அக்டோபரிலும் தெய்வேந்திரமுனைக்குத் தென்கிழக்கே, நூற்றுக்கணக்கான கடல் மைல் தள்ளி, விடுதலைப் புலிகளின் ஆயுதக் கப்பல்களை இலங்கைக் கடற்படை மூழ்கடித்தது. அவ்வளவு தூரம் போய்த் திரும்பும் கப்பல்கள் அவர்களிடம் கை விரலுக்குள் அடங்கும். அதில் ஒன்று சயுர. திரேஸ்புரத்தில் என் மச்சினன் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். "என்ன மச்சான், ஒங்க கப்பலும் போயிருக்காம்லா" என்றான். அவன் கடலுக்குப் போகிறவன். இலங்கைக் கடற்படை என்றாலே அவனுக்கு வேறு கணக்கு. நான் ஒன்றும் சொல்லவில்லை, இன்ஜெக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது தாப்பாத்தி இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஒருவர் என்னிடம் படகுக்குப் பெயிண்ட் அடிக்க வருவார். மன்னார்ப் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். அன்று மச்சினன் போனதும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணை, அது நீங்கள் ஓடின கப்பலோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருடைய தம்பி கடலில் இருந்தவன். எந்தக் கப்பலில், எந்தக் கடலில், இருக்கிறானா இல்லையா என்று வீட்டுக்குத் தெரியாது. "நல்ல இன்ஜினோ அண்ணை?" என்று மட்டும் அடுத்துக் கேட்டார். நல்ல இன்ஜின் என்றேன். அவர் திரும்பவும் பெயிண்ட் அடிக்கப் போய்விட்டார். அன்று சாயங்காலம் கூலி வாங்க வரவில்லை. மறுநாள் வாங்கிக்கொண்டார்.

இதை எழுதுவதால் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புலிகள் இயக்கத்தை இந்தியா 1992-லேயே தடை செய்தது. நான் அந்தச் சீருடையைப் போட்டுக்கொண்டு சம்பளம் வாங்கியவன். அண்டை நாட்டுக்கு ஒரு கப்பலைக் கொடுப்பதா வேண்டாமா என்பது அரசாங்கத்தின் முடிவு, அதற்கு ஆயிரம் கணக்கு இருக்கும். அந்தக் கணக்கை இந்த மடலில் நான் கேட்கவில்லை. ஆனால் ஒரு கப்பல் கை மாறினால் அதன் வேலை முடிந்துவிடுவதில்லை, அதன் இரண்டாவது ஆயுள் தொடங்குகிறது. அந்த இரண்டாவது ஆயுள் யார் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாது. என் வீட்டு வாசலில் வந்து நின்றது. அப்போது பதில் சொல்ல என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எப்போது கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள், என்ன நிபந்தனை, எதுவும் தெரியாத மனுஷனாக உட்கார்ந்திருந்தேன்.

பெயரைக் காப்பாற்றினோமே என்பீர்கள். வாஸ்தவம்தான். 2013-ல் கோவாவில் கட்டிய புதுக் கப்பலுக்கு சரயு என்று பெயர் வைத்து, பழைய பி54 என்ற எண்ணையும் கொடுத்தீர்கள். அந்தப் புது வகைக்கே சரயு வகை என்றுதான் பெயர். அந்த வகையில் கடைசியாக 2014-ல் பணியில் சேர்ந்தது சுமித்ரா. ஆக, விசாகப்பட்டினத்தில் அன்று சயுரவை வரவேற்றது ஒரு சரயு வகைக் கப்பல். அசல் சரயுவும் சரயுவின் பெயரில் வந்த வகையும் ஒரே துறைமுகத்தில். இதைச் சொல்ல ஓர் அதிகாரிக்கும் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

மற்றக் கப்பல்கள் எங்கே போயின என்றும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பழைய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தை 2014-ல் உடைத்தார்கள், அந்த இரும்பில் கொஞ்சம் பஜாஜ் பைக்காகச் சாலையில் ஓடியது. கிர்பான் போர்க்கப்பல் 2023-ல் வியட்நாமுக்குப் போனது. குர்சுரா நீர்மூழ்கி 2002 முதல் விசாகப்பட்டினம் கடற்கரையில் நிற்கிறது, டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். சப்பல் ஏவுகணைப் படகு கார்வாரில். டி-81 என்ற சின்ன ரோந்துப் படகு, 60 டன்தான், 2021-ல் ஆலப்புழைக் கடற்கரைக்கு வந்தது. எனக்குப் பிடித்தது குக்ரியின் கதை. பழைய குக்ரி 1971 போரில் டையூவுக்கு அருகே மூழ்கியது, 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். அந்தப் பெயரை எடுத்துக்கொண்ட புது குக்ரி 32 வருடம் ஓடி ஓய்வு பெற்றதும், 2022 ஜனவரியில் அதை அதே டையூவுக்குக் கொடுத்தீர்கள். யோசித்துச் செய்த காரியம். உங்களுக்கு யோசிக்கத் தெரியும் என்பதற்கு அதுதான் சாட்சி.

தமிழ்நாட்டுக்கு வந்தது வாக்லி. 2010 டிசம்பரில் ஓய்வு பெற்ற நீர்மூழ்கி. மாமல்லபுரத்தில் அருங்காட்சியகம் என்றார்கள். நானும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம் என்று நினைத்தேன், அப்போது எனக்குப் பேரப்பிள்ளையே கிடையாது. சென்னைத் துறைமுகத்தில் வருடக்கணக்கில் கிடந்தது, கடைசியில் திட்டத்தையே விட்டுவிட்டார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை வைத்திருக்கிற மாநிலம் இது. உப்புத் தண்ணீரில் நிற்கிற இரும்பை யாரும் சும்மா வைத்திருக்க முடியாது, அது எனக்குத் தெரியும். தினமும் ஒருத்தன் சுத்தியலோடு துருவைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கப்பலை இழுத்து வருவது ஒரு தடவைச் செலவு, துருவைத் தட்டுவது வருடா வருடம். முதல் செலவுக்கு விழா எடுக்கிறோம், இரண்டாவதற்குப் பணம் ஒதுக்குவதில்லை.

இப்போது அவசரமாக எழுதக் காரணமும் இருக்கிறது. 2023 மார்ச்சில் 11 புதிய ரோந்துக் கப்பல்களுக்கு ஒப்பந்தம் போட்டீர்கள், கோவாவில் ஏழு, கொல்கத்தாவில் நான்கு. அவை வர வர, சரயுவோடு பிறந்த மீதி ஆறும் கரையேற வேண்டியதுதான். முப்பது வயது தாண்டிய கப்பல்கள். ஆனால் சும்மா கிடக்கவில்லை. 2014-ல் மாலத்தீவுத் தலைநகரில் குடிதண்ணீர் நின்றபோது தண்ணீரோடு ஓடியது சுகன்யா. 2024 பிப்ரவரியில் சோமாலியக் கொள்ளையர்களிடமிருந்து ஓமரி என்ற ஈரானிய மீன்பிடிப் படகை மீட்டது சாரதா, அதில் 11 ஈரானியர், 8 பாகிஸ்தானியர். அடுத்த மாதமே ரூயன் சரக்குக் கப்பலை மீட்டதில் சுபத்ராவும் இருந்தது. இவற்றில் வேலை பார்த்த பையன்களுக்காவது எனக்கு நடந்தது நடக்கக்கூடாது.

அப்புறம், தூத்துக்குடி என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இது வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் கொண்டுவந்த ஊர். அவர் சிறையில் இருக்கும்போது கம்பெனியைக் கலைத்து, காலியாவைப் போட்டிக்கார வெள்ளைக்காரக் கம்பெனிக்கே விற்றுவிட்டார்கள் என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். நூறு வருடம் தாண்டியும் அது ஆறவில்லை. கப்பல் போனதைவிட, யார் கைக்குப் போனது என்பதுதான் இந்த ஊரில் நிற்கிற பேச்சு.

நான் கேட்பது இவ்வளவுதான்.

ஒரு கப்பலைக் கொடுப்பதற்கோ உடைப்பதற்கோ முடிவானால், அதில் வேலை பார்த்த அத்தனை பேருக்கும் ஒரு கடிதம் போடுங்கள். பென்ஷன் போடும் முகவரி உங்களிடம் இருக்கிறது, மாதாமாதம் பணம் தவறாமல் வருகிறது, ஒரு கடிதம் வராதா? ரகசியம் இருந்தால், கைமாறிய மறுநாளாவது போடுங்கள்.

சரயுவின் லாக் புத்தகங்களையும் கைமாற்றக் கோப்பையும் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். 25 வருடம் ஆன ஆவணங்களைப் பொதுவாகத் திறந்துவிட வேண்டும் என்று 2021-ல் நீங்கள் அறிவித்த கொள்கையே சொல்கிறது. 2000 டிசம்பரோடு 25-ஐக் கூட்டினால் 2025 டிசம்பர். அதில் இன்னும் மறைக்க வேண்டியது ஏதாவது இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைக் கொடுங்கள்.

சயுரவுக்கும் வயதாகிவிட்டது. இலங்கை அதற்கு ஓய்வு கொடுக்கும்போது முதலில் நமக்குச் சொல்ல வேண்டும் என்று இப்போதே கொழும்புக்கு எழுதிக் கேளுங்கள். கப்பலே வர வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. மணியோ, கட்டிய இடமும் வருடமும் பொறித்த பலகையோ, ஏதாவது ஒன்று விசாகப்பட்டினத்துக்குத் திரும்ப வரட்டும். அதன் கீழே இரண்டு பெயரையும் எழுதுங்கள், சரயு என்றும் சயுர என்றும். 2007-ஐ விட்டுவிடாமல் எழுதுங்கள்.

மீதி ஆறில் ஒன்றைத் தூத்துக்குடிக்குக் கொடுங்கள். ஆனால் மாநில அரசோடு உட்கார்ந்து, பராமரிப்புக்கு வருடத்துக்கு எவ்வளவு, யார் தருவது, பத்து வருடத்துக்கு ஒருமுறை டாக்கில் ஏற்றுவது யார் பொறுப்பு என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு கொடுங்கள். அது இல்லாமல் இன்னொரு வாக்லி வேண்டாம். துரு தட்ட ஆள் வேண்டுமென்றால் இங்கே என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள், கூலிகூட வேண்டாம், பெயிண்ட் மட்டும் வாங்கிக் கொடுங்கள்.

கடைசியாக, அடுத்த தடவை சயுர நம் துறைமுகம் எதற்கு வந்தாலும், அதில் வேலை பார்த்தவர்களை ஒரு மணி நேரம் உள்ளே விட இலங்கை அதிகாரிகளிடம் அனுமதி கேட்டு வையுங்கள். மேலே பிரிட்ஜுக்கெல்லாம் நான் வர மாட்டேன். இன்ஜின் ரூமில் பத்து நிமிடம் போதும். டார்ச்சும் ஒரு ஸ்க்ரேப்பரும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் இன்ஜின் ரூம் மாலுமி,
ஐ.என்.எஸ். சரயு,
திரேஸ்புரம், தூத்துக்குடி